முதுமைக்கு ஒரு பாத்தி

கோவையைச் சுற்றியும், மேற்கே வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுப் பகுதியிலும் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் ஓய்வுபெற்றோருக்கென்றே குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. மும்பையிலும் தில்லியிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரிந்து ஊர் திரும்புவோரும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருப்போரும் அவற்றை நாடுகின்றனர். வேளை தவறாத உணவு, அழைத்தால் வரும் மருத்துவர், துணி வெளுக்கவும் வீடு பெருக்கவும் ஆட்கள், கைப்பிடி பொருத்திய குளியலறை என்று அங்கே வசதிக்குக் குறைவில்லை. முதியவர் ஒருவர் காலையில் எழுந்து கட்டாயம் செய்தாக வேண்டியது என்று ஒன்றுகூட இல்லை. அவ்விடங்களின் பெருமையாகச் சொல்லப்படுவது இதுவே. கூர்ந்து நோக்கினால் அவற்றின் குறையும் இதுவே.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காட்டினர். கேரளத்தில் அவர்கள் 12.6 விழுக்காடு, மாநிலங்களுள் அதுவே மிக அதிகம். ஆகவே முதியோர் தம் பொழுதை எவ்வாறு கழிப்பது என்பது வசதி படைத்த சில குடும்பங்களின் கவலை மட்டுமன்று. கல்பாத்தி அக்கிரகாரத்தின் நீண்ட திண்ணைகளிலும், சிற்றூரின் பஞ்சாயத்து நடத்தும் பகல் வீட்டிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லயங்களிலும் இதே கேள்வி வெவ்வேறு உருவில் நிற்கிறது.

இதற்கு விடையாக எளிய யோசனை ஒன்று உண்டு. குடியிருப்பில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தியோ நான்கைந்து தொட்டிகளோ கொடுத்து, அவரவர் விருப்பப்படி வளர்க்கச் செய்து, சில மாதங்கள் கழித்து அனைவரும் கூடிப் பார்த்துச் சிறந்த தோட்டத்துக்குச் சிறு பரிசு அளிப்பது. கேட்க இனிதாக இருக்கிறது. எனினும் உடனே இரண்டு தடைகள் எழும். முதல் தடை உடல் பற்றியது: எழுபது வயதில் மண்வெட்டி பிடிப்பதா? இரண்டாவது தடை உள்ளம் பற்றியது. அது இன்னும் ஆழமானது. வாழ்நாள் முழுவதும் பதவிக்கும் ஊதியத்துக்கும் போட்டியிட்டுக் களைத்தவர் கடைசியிலாவது போட்டியை விட வேண்டாமா? வானப்பிரஸ்தம் என்று முன்னோர் வகுத்த பருவத்தில் பரிசுக் கோப்பைக்கு என்ன வேலை?

முதல் தடைக்கு விடை கூறுவது எளிது. வானப்பிரஸ்தம் என்பது கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் பருவமாக நம் நூல்களில் ஒருபோதும் சித்திரிக்கப்படவில்லை. காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் கண்வரின் ஆசிரமத்துக்குள் நுழைந்ததும் காண்பது, சகுந்தலையும் தோழியரும் மரக்கன்றுகளுக்கு நீர் வார்க்கும் காட்சியை. தவமும் வேள்வியும் நடந்த அதே இடத்தில் நீர்க்குடமும் இருந்தது. இரண்டாவது தடைக்கு விடை காண்பதற்கு முன்னர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் ஆய்வை அறிந்துகொள்வது நலம்.

ஒரு செடி, ஒரு ஜாடி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்னும் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி 1976-இல் வெளியிட்டனர். 65 முதல் 90 வயது வரையிலான 91 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு தளத்தில் வசித்த 47 பேரைக் கூட்டி இல்லத்தின் நிர்வாகி பேசினார். அறையை எவ்வாறு அமைத்துக்கொள்வது, யாருடன் பழகுவது, பொழுதை எவ்வாறு செலவிடுவது என்பவையெல்லாம் அவர்களுடைய பொறுப்பே என்று நினைவூட்டினார். பிறகு சிறு தொட்டிச் செடிகளைக் காட்டி, வேண்டுமா என்று கேட்டு, விரும்பியதைத் தேர்ந்தெடுத்துத் தாமே வளர்க்கும்படிக் கூறினார். வேறொரு தளத்தில் வசித்த 44 பேரிடமும் அவர் அதே கனிவுடன்தான் பேசினார். ஆனால் அவர்களை மகிழ்ச்சியாக வைத்திருப்பது இல்லத்தின் கடமை என்றார். அவர்களுக்கும் செடிகள் வழங்கப்பட்டன; தாதியரே நீரூற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொல்லப்பட்டது.

வேறுபாடு அவ்வளவே. இரு தரப்பாரிடமும் செடி இருந்தது. ஒரு தரப்பாரை நம்பிச் செடி இருந்தது.

மூன்று வாரங்கள் கழித்து, இன்னார் எந்தத் தரப்பு என்று அறியாத தாதியர் ஒவ்வொருவரின் நிலையையும் மதிப்பிட்டனர். பொறுப்பு ஏற்றவர்களுள் மதிப்பிடப்பட்டோரில் 93 விழுக்காட்டினர் முன்பைவிடத் தேறியிருந்தனர். மற்றத் தரப்பில் 71 விழுக்காட்டினர் முன்பைவிடத் தளர்ந்திருந்தனர். இந்த ஆய்வைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடும் சிறு செய்தி ஒன்று இங்கே நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. கண்ணாடி ஜாடி ஒன்றில் மிட்டாய்களை நிரப்பி, எத்தனை இருக்கின்றன என்று ஊகித்து எழுதும் போட்டி ஒன்று அங்கே அறிவிக்கப்பட்டது. பொறுப்பு ஏற்ற தரப்பிலிருந்து 10 பேர் அதில் கலந்துகொண்டனர். மற்றத் தரப்பிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர்.

ஜாடியில் மிட்டாய் எண்ணுவதற்கும் செடி வளர்ப்பதற்கும் தொடர்பில்லை. ஆயினும் தன் செடி வாடாமல் இருப்பது தன் கையில் இருக்கிறது என்று உணர்ந்தவருக்கே, அறையை விட்டு வெளியே வந்து பிறரோடு ஒரு விளையாட்டில் சேரும் ஊக்கமும் பிறந்தது. போட்டி மனப்பான்மை வாழ்க்கையின் நோய்களுள் ஒன்று என்று கருதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். போட்டியிட விருப்பமே அற்றுப்போவது எப்போதும் பற்றின்மையின் அடையாளம் ஆகிவிடாது. பல வேளைகளில் அது சோர்வு. வைராக்கியத்தின் உடையை அணிந்து வரும் தமஸ்.

18 மாதங்கள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் சென்றபோது, பொறுப்பு ஏற்ற 47 பேருள் 7 பேர் இறந்திருந்தனர். மற்ற 44 பேருள் 13 பேர் இறந்திருந்தனர். இந்த எண்கள் உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டன. அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் தம் புள்ளியியல் கணக்கில் நேர்ந்த பிழையைத் திருத்தி, இறப்பு பற்றிய முடிவை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும் என்று அறிவித்தனர். அந்தத் திருத்தம் அவ்வளவாகப் பரவவில்லை. செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று மேடையில் முழங்குவோர் இதை அறிவது நல்லது. எண்ணிக்கை சிறிது, செடியோடு வேறு பொறுப்புகளும் சேர்ந்திருந்தன. ஊக்கத்திலும் பழகுவதிலும் தெரிந்த மாறுதல் அந்த மூன்று வாரத்தில் கண்கூடானது என்று கூறுவதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இரண்டு வகைப் போட்டி

இனி உள்ளம் பற்றிய தடைக்கு வரலாம். பண்டைய கிரேக்கக் கவி ஹெஸியட் தம்முடைய உழவு நூலில், உலகில் போட்டி என்பது ஒன்றன்று, இரண்டு என்கிறார். ஒன்று போரையும் பகையையும் வளர்ப்பது. மற்றொன்று அண்டை வீட்டான் உழுவதையும் நடுவதையும் கண்டு சோம்பேறியையும் எழுந்து வேலை செய்ய வைப்பது. பின்னர் வந்த அரிஸ்டாட்டில் தமது 'அணியியல்' நூலில் இந்த இரண்டையும் உளவியல் நோக்கில் பிரித்துக் காட்டினார். ஒருவரிடம் உள்ள நன்மை தன்னிடம் இல்லையே என்று வருந்தி அதை அடையத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்வது ஓர் உணர்வு. அந்த நன்மை அவரிடம் இருக்கிறதே என்று வருந்தி அவரிடமிருந்து அது போக வேண்டும் என விரும்புவது மற்றோர் உணர்வு. தொடக்கத்தில் இரண்டும் ஒரே வருத்தமாகத்தான் தோன்றும். செல்லும் திசை வேறு.

வடமொழியில் ஸ்பர்த்தை என்பது முன்னதைக் குறிக்கும். பின்னதற்கு மாத்சரியம், அசூயை என்று இரு பெயர்கள் உண்டு. பிறர் நன்மையைப் பொறாதது மாத்சரியம். பிறருடைய நற்குணத்தில் குற்றம் கற்பிப்பது அசூயை. தோட்டத்தில் அசூயையின் குரல் எவ்வாறு ஒலிக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். "அவருடைய வீடு கிழக்குப் பார்த்தது, வெயில் நன்றாக விழுகிறது." "அவருடைய மகன் கோவையிலிருந்து உரம் வாங்கி வருகிறான்." "நடுவர் அவருக்குப் பழைய அலுவலக நண்பர்." செண்டுமல்லியின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இராது. திருவள்ளுவர் அழுக்காறாமை என்று ஒரு முழு அதிகாரத்தையே இதற்கென ஒதுக்கியது காரணமின்றியன்று.

அரிஸ்டாட்டில் கூறும் இன்னொரு செய்தி ஓய்வுபெற்றோர் குடியிருப்பை நேரில் கண்டு சொன்னது போல் இருக்கிறது. பொறாமை தொலைவில் இருப்போரிடம் எழுவதில்லை. வயது, இடம், நிலை ஆகியவற்றில் தனக்கு நிகரானவரிடமே எழும் என்கிறார் அவர். ஒரே வயதினர், ஒரே வளாகம், ஒரே அளவுள்ள வீடுகள், ஒரே உணவுக்கூடம்! பொறாமைக்கு இதைவிட வளமான மண் வேறில்லை. தோட்டப் போட்டி நடந்தாலும் நடவாவிட்டாலும் அந்த விதை அங்கே கிடக்கத்தான் செய்யும். யாருடைய பிள்ளை அடிக்கடி வருகிறான், யாருடைய ஓய்வூதியம் எவ்வளவு என்று அது முளைக்கும். ஒப்பிடும் பழக்கம் போகாதெனில், அவரைக்கொடியை ஒப்பிடுவது பிள்ளைகளை ஒப்பிடுவதைவிட மேலானது. அவரைக்கொடியை எவரும் அடுத்த பட்டத்தில் திருத்திக்கொள்ள முடியும்.

யோக சூத்திரத்தில் பதஞ்சலி மனம் தெளிவதற்கு நான்கு மனப்பான்மைகளைக் கூறுகிறார்: இன்புற்றோரிடம் நட்பு, துன்புற்றோரிடம் கருணை, நற்செயலுடையோரிடம் முதிதை என்னும் மகிழ்ச்சி, தீச்செயலுடையோரிடம் பொருட்படுத்தாமை. இவற்றுள் கருணை பலருக்கும் எளிதாக வரும். அண்டை வீட்டாரின் பாகற்பந்தல் பூச்சி பிடித்து வாடும்போது அனுதாபம் சொல்லப் பலர் கூடுவர். அதே பந்தல் காய்த்துக் குலுங்கும்போது மனமார மகிழ்ந்து நிற்பவர் சிலரே. முதிதைக்குப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்கு உண்மையான சந்தர்ப்பம் வேண்டும். தான் தோற்று, தனக்கு நிகரானவர் வெல்லும் இடத்தில்தான் அந்தச் சந்தர்ப்பம் கிட்டும். பரிசின் விலை சிறிதாக இருக்கும்போது பயிற்சி தாங்கக்கூடியதாக இருக்கும். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை இழந்து முதிதை பழகுவது, பதவி உயர்வை இழந்து பழகுவதைவிட எளிதல்லவா?

யாருடைய கை?

சிசிரோ தமது 62-ஆம் வயதில், கி.மு. 44-இல், முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் 84-ஆம் வயதில் இருக்கும் கேட்டோ என்னும் ரோமானியப் பெரியவர் இரு இளைஞர்களிடம் பேசுவதாக அமைத்திருக்கிறார். முதுமையின் இன்பங்களுள் கேட்டோ மிக விரிவாகப் பேசுவது திராட்சைக்கொடியையும் மண்ணையும் பற்றியே. அங்கே அவர், செனபோன் என்னும் கிரேக்க ஆசிரியர் எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்கிறார்.

பாரசீக இளவரசன் சைரஸைக் காண ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தலைவன் லைசாண்டர் சார்டிஸ் நகருக்கு வந்தான். இளவரசன் அவனை வேலியிட்ட தன் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று சுற்றிக் காட்டினான். மரங்களின் உயரம், நேர்கோடு பிடித்தாற்போன்ற வரிசைகள், களையில்லாத மண், மலர்களின் மணம் ஆகியவற்றைக் கண்டு வியந்த லைசாண்டர், இவற்றையெல்லாம் அளந்து அமைத்தவனின் திறமையைப் பாராட்டினான். அளந்து அமைத்தது தானே என்றும், மரங்கள் பலவற்றைத் தன் கையாலேயே நட்டதாகவும் சைரஸ் கூறினான். லைசாண்டர் அவனுடைய ஆடையையும் பொன்னணிகளையும் ஏற இறங்கப் பார்த்தான். செல்வத்தோடு இந்தக் கையும் சேர்ந்திருப்பதால்தான் அவனை இன்பமுடையவன் என்று உலகம் சொல்வது தகும் என்றான். (வேலியிட்ட தோட்டத்துக்கு அக்கால ஈரானியர் வழங்கிய சொல்லே கிரேக்கம் வழியாகச் சென்று ஐரோப்பிய மொழிகளில் சுவர்க்கத்தின் பெயராயிற்று என்பது சுவையான செய்தி.)

தோட்டப் போட்டிகளில் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடமே. உதகை மலர்க் கண்காட்சி 1896-இல் தொடங்கிய நீண்ட மரபுடையது. அதனையொட்டித் தனியார் தோட்டங்களுக்கும் நிறுவனத் தோட்டங்களுக்கும் போட்டி நடத்திக் கோப்பைகள் வழங்குவதும் பழைய வழக்கம். அங்கே பார்வைக்குரியது தோட்டத்தின் அழகு. தோட்டக்காரரை வைத்துப் பராமரிப்பதில் தவறொன்றுமில்லை. முதியோர் குடியிருப்பில் அந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் முழுவதும் பாழாகும். நடுவர் வரும் நாளுக்கு முந்தைய மாலை நாற்றுப்பண்ணையிலிருந்து பூத்த தொட்டிகள் பத்து வந்து இறங்கும். வசதியுள்ளவர் வெல்வார். நான்கு மாதம் காலையும் மாலையும் குவளை குவளையாக நீர் வார்த்தவருடைய இரண்டு கத்தரிச்செடிகள் ஓரத்தில் நிற்கும். அவர் அடுத்த ஆண்டு கலந்துகொள்ள மாட்டார். ஆர்டன் ஹவுஸில் தாதியர் நீரூற்றிய செடிகளும் பசுமையாகத்தான் இருந்திருக்கும் என்பதை மறக்கலாகாது.

எல்லையின் மண்ணும் பருவமும்

பாலக்காட்டின் தமிழகத்தை ஒட்டிய பகுதியும், இடுக்கியின் தமிழகத்தை ஒட்டிய பகுதியும் ஒரே மாநிலத்தில் இருந்தாலும் தோட்டக்காரருக்கு இரண்டு வேறு உலகங்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற கணவாயின் வழியே பாலக்காட்டுக்குள் மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று வீசுகிறது. காலையில் ஊற்றிய நீர் நண்பகலுக்குள் தொட்டியில் வற்றிவிடும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் ஆகிய ஊர்ப்புறங்களில் தமிழ் இயல்பாகப் புழங்குகிறது. தென்மேற்குப் பருவமழை அங்கே கேரளத்தின் பிற பகுதிகளைவிடக் குறைவு. ஆளியாற்று நீரை எதிர்பார்த்து வாழும் நிலம் அது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. இத்தகைய மண்ணில் பங்குனியிலும் சித்திரையிலும் முதியவர்களைப் போட்டிக்கு இழுப்பது கொடுமை. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி மழையை வாங்கி, மார்கழிக் காற்றுக்கு மூடாக்கும் மறைப்பும் போட்டுத் தையில் முடிப்பது பொருத்தம். புல்தரைக்கு இங்கே பரிசு தரலாகாது. குறைந்த நீரில் அதிகம் காப்பாற்றியவருக்கே மதிப்பெண் கூட வேண்டும்.

இடுக்கியில் கதை வேறு. ஆனி, ஆடி மாதங்களின் அடைமழையில் வேர் அழுகும். மூணாற்றின் உயர்ந்த பகுதிகளில் தை மாதத்தில் சில இரவுகள் உறைபனி படிந்து தேயிலைத் தளிரையே கருக்கிவிடும். இடைப்பட்ட குளிரில் டாலியாவும் ஹைட்ராஞ்சியாவும் கேட்பாரின்றிப் பூக்கும். வட்டவடையிலும் காந்தளூரிலும் படிக்கட்டு வயல்களில் காரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு எல்லாம் விளைகின்றன. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே தொகுதியில் குறியீடு பெற்ற இன்னொரு பயிர் பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை. ஆட்டின் கொம்பைப் போல் வளைந்து ஊதாச் சாயல் கொண்ட அந்த அவரையைக் காத்து வந்தவர்கள் அங்குள்ள பழங்குடி மக்கள். கடையில் வாங்கும் கலப்பின விதைப் பொட்டலத்தைவிட இவ்வாறான நாட்டு விதை ஒன்றைத் தேடிப் பிடித்து வளர்த்தவருக்குத் தனிப் பரிசு அளிப்பது நியாயமாகும்.

இடுக்கியின் மற்றொரு முதியோர் கூட்டத்தை இங்கே மறந்துவிடக் கூடாது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களே மூணாற்றுத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர். லயத்தின் ஓரத்தில் கிடைக்கும் சிறு துண்டு நிலத்தில் பீன்ஸும் முட்டைக்கோசும் கீரையும் போடுவது அவர்கள் வழக்கம். பணி ஓய்வு பெறும்போது வீட்டை விட வேண்டும். குடும்பத்தில் வேறொருவர் வேலையில் இல்லையெனில் அந்தத் துண்டு நிலமும் போய்விடும். விலை கொடுத்து ஓய்வுக் குடியிருப்பில் வீடு வாங்குவோருக்குத் தோட்டம் ஒரு புதிய பொழுதுபோக்கு. இவர்களுக்கோ அது கையிலிருந்து பிடுங்கப்பட்ட பழைய பழக்கம். பஞ்சாயத்தின் பகல் வீடுகளும், குடும்பஸ்ரீயின் முதியோர் அயல்கூட்டங்களும் ஒரு பாத்தி மண்ணை இவர்களுக்கு ஒதுக்குமானால், போட்டியில் யார் முதலில் வருவார் என்பதில் ஐயமில்லை!

வழிகாட்டுதல் இன்மை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 2015-இல் எல்லை கடந்து வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பது பற்றிக் கேரளத்தில் பெரும் சர்ச்சை எழுந்தது முதல் மாடித் தோட்டமும் குரோ பேக்கும் அங்கே வீட்டுக்கு வீடு பரவின. 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி' என்னும் திட்டத்தின்கீழ் மாநில வேளாண்துறை விதைகளையும் நாற்றுகளையும் மக்களுக்கு வழங்கி வருகிறது. ஊர்தோறும் உள்ள கிருஷி பவனில் கேட்டால் மண் பற்றியும் பூச்சி பற்றியும் சொல்லித் தருவார்கள்.

விதிகளும் அதற்குப் பிறகும்

விதிகள் எளியவையாக இருக்கலாம். தவறான விதி ஒன்றுகூட இருக்கலாகாது. நடுவர் ஒரே நாள் வருவதைவிட, முன்கூட்டிச் சொல்லாமல் மூன்று முறை வந்து பார்ப்பது நல்லது. முதல் முறை நாற்று, இரண்டாம் முறை வளர்ச்சி, மூன்றாம் முறை காயும் பூவும். இடையில் பூச்சி தாக்கி மீண்ட செடிக்கு, ஒருபோதும் தாக்கப்படாத செடியைவிட மதிப்பு அதிகம் கொடுக்கலாம். குனிய இயலாதவர்களுக்கு இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் மேசைப் பாத்தி அமைக்க வேண்டும். சக்கர நாற்காலி அதன் அருகே வருமாறு வழி விட வேண்டும். நிறைந்த வாளி பத்து லிட்டர் என்றால் பத்து கிலோ. அதைத் தூக்கி வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். மூன்று லிட்டர்ப் பூவாளி போதும். வெயில் ஏறுமுன் வேலை முடிய வேண்டும். மண்ணில் கை வைக்கும் முதியோர் வில்வாதத் தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

மறதி நோயின் தொடக்கத்தில் இருப்போரை விலக்கிவிடுவது பொதுவாக நடக்கிறது. அது அநாவசியம். இருவர் சேர்ந்து ஒரு பாத்தி என்று வைத்தால், ஒருவர் நாளை நினைவில் வைப்பார். மற்றவர் கை களையைத் தானே அறியும்.

சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உருவாயின. தமிழர் பலரும் அவற்றில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்க்கின்றனர். அங்கு விருது வழங்கும்போது தோட்டத்தின் அழகோடு, குடியிருப்போர் எவ்வளவு பேர் கூடி உழைத்தனர் என்பதும் கணக்கில் கொள்ளப்படுகிறது. அந்நாட்டின் 'கம்போங் அட்மிரல்டி' என்னும் முதியோர் குடியிருப்பில் 104 வீடுகளுக்கு மேலே, கூரைத் தளத்தில் சமூகத் தோட்டமே அமைத்துவிட்டனர். 2018-இல் அது உலகின் சிறந்த கட்டடம் என்ற விருதைப் பெற்றது. பாலக்காட்டில் அத்தகைய கட்டடம் தேவையில்லை. ஒரு வேலியை எடுத்துவிட்டால் போதும்.

ஆனால் போட்டி நடத்துவோர் மிகவும் அஞ்ச வேண்டியது பரிசளிப்பு விழாவுக்கு அடுத்த நாளை. ஆர்டன் ஹவுஸ் ஆய்வு வெளிவந்த அதே 1976-இல் ரிச்சர்ட் ஷுல்ஸ் என்பவர் வேறொரு முதியோர் இல்லத்தில் நடத்திய ஓர் ஆய்வும் வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் முதியோரைச் சந்திக்க வந்தனர். சிலர் விஷயத்தில், எப்போது வரவேண்டும் என்பதை முதியவரே முடிவு செய்தார். அவ்வாறு முடிவு செய்தவர்களும், வரும் நேரத்தை முன்கூட்டி அறிந்தவர்களும் உடலாலும் மனத்தாலும் தேறினர். ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவது நின்றது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முன்பு தேறியவர்கள் மற்றவர்களைவிடக் கீழே சரிந்திருந்தனர். கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பறிப்பது, கொடாமலே இருப்பதைவிடத் தீங்கானது என்று எண்ண இது இடந்தருகிறது. விழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துப் பாத்தியைச் சமன்செய்து புல் பதிக்கும் நிர்வாகிகள் இதைப் படித்தல் வேண்டும். பாத்தி ஒருவருக்கு ஒதுக்கப்பட்டால், அவரால் இயலும் வரை அது அவருடையதாக இருக்க வேண்டும். நோயில் படுத்தால் யார் நீர் வார்ப்பது என்பதை விதைக்கும் நாளிலேயே அவரைக் கொண்டு முடிவு செய்துவிட வேண்டும்.

வென்றவருக்கு ஒரு கடமையையும் விதியிலேயே சேர்த்துவிடலாம். தம் செடியில் நல்ல காய்கள் சிலவற்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காய விட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்து, அடுத்த பட்டத்துக்கு முன்னால் தம்மிடம் தோற்ற மூவருக்கு அவர் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கொம்பு அவரையானால் கைப்பிடி விதையே ஒரு வளாகம் முழுவதற்கும் காணும். அடுத்த ஆண்டு அந்த மூவரில் ஒருவர் வெல்லக்கூடும்.